அப்பா கையால எழுதுன உயிலுக்கு ப்ரொபேட் வேணுமா?

கேள்வி: வக்கீல் அய்யா, எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அப்பா போன ஐப்பசில தவறிட்டாங்க. 2019ல அவங்க கையாலயே முழுநீள வெள்ளத்தாள்ல உயில் எழுதி வச்சிருக்காங்க, ரிஜிஸ்டர் பண்ணல. ஓட்டு வீடும் பேங்க்ல இருக்கற 4 லட்சம் டெபாசிட்டும் அம்மாவுக்கு, நஞ்சை 9 மாவுல (மாங்கறது எங்க பக்கத்து நில அளவு) அண்ணனுக்கு 5, எனக்கு 4, எல்லாத்தையும் பிரிச்சுக் குடுக்கற பொறுப்பு மாமாவுக்குன்னு (அம்மாவோட தம்பி) எழுதியிருக்கு. 9 மாவுல 6 மா அப்பா வாங்குனது, 3 மா தாத்தா வழில பாகத்துல வந்தது. சாட்சி போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் கொரோனால போயிட்டாரு, இன்னொருத்தர் எங்க ஊர் ரிட்டயர்டு எட்மாஸ்டர், எண்பது தாண்டிடுச்சு. ரிஜிஸ்டர் ஆகாத உயில் செல்லாது, செல்லணும்னா மெட்ராஸ் ஐகோர்ட்டுல ப்ரொபேட் வாங்கணும், லட்சக்கணக்குல செலவாகும், அதுக்கு நீ விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுடு ஒரு தொகை தரேன்னு அண்ணன் சொல்றாரு. டெபாசிட்டுக்கு நாமினி அவருதான். சொசைட்டில நகைக்கடன் வேற இருக்கு. உயில் அம்மா பீரோவுல இருக்கு, அதையும் கேக்கறாரு. கோர்ட்டுக்குப் போனா அண்ணன் மேல கேஸ் போட்டவன்னு பேராயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்றது?

பதில்: வணக்கம்மா. உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், விடுதலைப் பத்திரத்துல மட்டும் கையெழுத்து போடாதீங்க. அண்ணன சந்தேகப்பட்டு சொல்லல, அவரு நல்லவராவே இருக்கட்டும், ஆனா அது ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போடற கையெழுத்து, போட்டு பதிவானதோட உங்க பாத்தியதை போயிடும், பின்னாடி ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு ரத்து பண்ணணும்னா விஷயம் தெரிஞ்சதுலேருந்து 3 வருஷத்துக்குள்ள சிவில் கோர்ட்டுக்குப் போயி, ஏமாத்துனத நீங்கதான் நிரூபிக்கணும். மன்னார்குடிலயும் கும்பகோணத்துலயும் எங்கிட்ட வந்த எத்தனையோ பொம்பளைங்களோட கேஸு 'பட்டா மாத்தறதுக்குதாம்மா'ன்னு சொல்லி வாங்குன ஒரு கையெழுத்துலதான் ஆரம்பிச்சிருக்கு. உயிலயும் அம்மா பீரோவுலயே பூட்டி வைக்கச் சொல்லுங்க, யார் கேட்டாலும் ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல் இனிமே கோர்ட்டுக்குத்தான் போகணும்.

அண்ணன் சொன்னதுல மொதல்ல ரிஜிஸ்டர் விஷயம். உயில ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல, 1908 பதிவுச் சட்டத்துல 18வது பிரிவுல அது இஷ்டத்துக்கு விட்ட பத்திரம், ஸ்டாம்ப் பேப்பர் கூட வேண்டாம். சட்டம் கேக்கறது வேற. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63வது பிரிவுல உயில் எழுதுனவரு கையெழுத்து போட்டிருக்கணும், குறைஞ்சது ரெண்டு சாட்சி இருக்கணும், அவரு கையெழுத்து போட்டத அவங்க பாத்திருக்கணும், இல்லாட்டி 'இது என் கையெழுத்துதான்'னு அவரே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும், அவரு முன்னாடி அவங்களும் போட்டிருக்கணும். இவ்வளவுதான். ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல கூட இருந்திருக்கணும்னு கூட இல்ல. அப்பாவே கைப்பட எழுதியிருக்காங்கங்கறது உங்களுக்கு பெரிய பலம், யாரோ டைப் பண்ணி கொண்டாந்து படுக்கையில வச்சு கைநாட்டு வாங்குன உயிலுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. ரிஜிஸ்டர் ஆன உயில்லயே சந்தேகம் இருந்தா கோர்ட்டு தூக்கிப் போட்டுரும், 1959ல வெங்கடாசல அய்யங்கார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இன்னைக்கு வரைக்கும் நிக்குது, உயில கொண்டு வர்றவங்கதான் அதச் சுத்தி இருக்கற சந்தேகத்தயெல்லாம் தீக்கணும்னு.

அடுத்து ப்ரொபேட். அப்படின்னா என்னன்னு பலருக்கு தெரியாம பேசறாங்க. உயிலோட நகல்ல கோர்ட்டு சீல் போட்டு, இது இவரு எழுதுன உண்மையான கடைசி உயில்தான், இத நிறைவேத்தற அதிகாரம் இன்னாருக்குன்னு குடுக்கற உத்தரவுதான் ப்ரொபேட். உயில்ல 'பொறுப்பு இவருக்கு'ன்னு பேர் போட்டிருக்கற ஆளுக்கு மட்டும்தான் அது கிடைக்கும், அவர எக்ஸிகியூட்டர்னு சொல்லுவோம், உங்க உயில்ல மாமா. அப்படி யாரையும் போடலன்னாலோ, போட்டவரு போயிட்டாலோ, எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்து ஒதுங்கிட்டாலோ, சொத்து வாங்கற ஒருத்தர் உயிலோட சேத்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்னு கேட்டு வாங்கணும், அதுக்கு ஜாமீன் பத்திரமும் எழுதிக் குடுக்கணும். மாமா இருக்கறதால அந்தத் தொல்லை உங்களுக்கு இல்ல.

கட்டாயமான்னா, உங்க ஊர்ல அது என்னைக்குமே கட்டாயம் இல்லம்மா. இந்தக் கதை வெள்ளக்காரன் காலத்துது, 1870ல இந்து உயில்கள் சட்டம்னு ஒண்ணு போட்டப்ப அது வங்காளப் பக்கத்துக்கும் மெட்ராஸ் பம்பாய் நகரத்துக்கும்தான் பொருந்துச்சு, 1925 சட்டமும் 57வது பிரிவுலயும் 213வது பிரிவுலயும் அதையே புடிச்சுக்கிச்சு. அதனால இந்துக்கள் உயில மெட்ராஸ் நகர எல்லைக்குள்ள எழுதியிருந்தாலோ, அந்த எல்லைக்குள்ள இருக்கற வீடு மனைய பத்தி எழுதியிருந்தாலோ ப்ரொபேட் இல்லாம கோர்ட்டுல உரிமை கேக்க முடியாதுன்னு இருந்துச்சு. நீடாமங்கலத்துல எழுதி நீடாமங்கலத்து நஞ்சைய பத்திப் பேசற உயிலுக்கு அது பொருந்தவே இல்ல. மைலாப்பூர்ல வீடு வச்சிருந்த ஒருத்தர் கதைய யாரோ சொல்லி அண்ணன் கேட்டிருப்பாரு. 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட் அந்த 213வது பிரிவையே எடுத்துருச்சு, அதனால இனிமே மெட்ராஸ் சொத்துக்கே கட்டாயம்னு பேச்சு இல்ல. ஆனா ப்ரொபேட்டே இல்லாம போயிடல, வேணுங்கறவங்க வாங்கிக்கலாம், அதுவும் ஐகோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்ல, அப்பா குடியிருந்த ஊரும் சொத்தும் இருக்கற ஜில்லா கோர்ட்டுலயே போடலாம், உங்களுக்கு திருவாரூர்.

கட்டாயம் இல்லாட்டி விட்டுரலாமான்னு கேப்பீங்க. மாமா உயில வச்சே பிரிச்சுக் குடுத்து எல்லாரும் ஒத்துக்கிட்டா விட்டுரலாம். உங்க வீட்டுல ஒத்துக்கல. அதோட எட்மாஸ்டருக்கு எண்பது தாண்டிடுச்சு. இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா, உங்க விஷயத்துல நான் ப்ரொபேட் வாங்கத்தான் சொல்லுவேன், அதுவும் சீக்கிரமா.

ஏன்னா எந்தக் கோர்ட்டுல எந்தக் கேஸ்ல உயில காட்டுனாலும், அது சாட்சி போட்டவர்ல ஒருத்தராவது வந்து சொல்லித்தான் நிரூபிக்கணும், முன்னாடி சாட்சியச் சட்டம் 68வது பிரிவு, 2024 ஜூலைலேருந்து வந்த புது சாட்சியச் சட்டத்துல 67. இப்ப நீங்க ஒண்ணும் பண்ணாம விட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு அண்ணன் பாகம் கேட்டு கேஸ் போட்டா, அன்னைக்கு 'ஆமா, என் முன்னாடிதான் கையெழுத்து போட்டாரு'ன்னு சொல்ல யாரு இருப்பா? சாட்சி ரெண்டு பேருமே இல்லன்னா சட்டம் வேற வழி வச்சிருக்கு, ஒரு சாட்சியோட கையெழுத்தும் எழுதுனவரு கையெழுத்தும் அவங்களோடதுதான்னு தெரிஞ்சவங்க மூலமா காட்டலாம், ஆனா அது படாதபாடு. நான் தொழிலுக்கு வந்த புதுசுல வலங்கைமான் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு இப்படித்தான், சாட்சிக்காரர் நல்லாத்தான இருக்காரு அறுப்பு முடியட்டும் அறுப்பு முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தாங்க, ஒரு மார்கழில அவரு போயிட்டாரு, அப்புறம் இறந்துபோன மனுஷன் பேங்க்ல போட்ட கையெழுத்து, பத்திரத்துல போட்ட கையெழுத்துன்னு தேடி அலைஞ்சு எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்பி வருஷக்கணக்குல இழுத்துச்சு. அன்னைக்கு இத அழுத்தமா சொல்லாம விட்டுட்டேனேன்னு எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு, அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு சொல்றேன். இப்ப மனு போட்டா எட்மாஸ்டர் சொல்றது கோர்ட்டுல பதிவாயிடும், அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆனாலும் அந்த வாக்குமூலம் இருக்கும்.

எப்படி நடக்கும்னா, இறந்து 7 நாள் ஆகாம ப்ரொபேட் குடுக்க மாட்டாங்க, அது உங்களுக்கு எப்பவோ தாண்டியாச்சு. மாமா பேர்ல ஒரு மனு, அதோட ஒரிஜினல் உயில், இறப்புச் சான்றிதழ், என்னென்ன சொத்து என்ன மதிப்புன்னு ஒரு பட்டியல், வாரிசுங்க யார் யார்னு விவரம். மனுவுலயே சாட்சில ஒருத்தர் 'நான் கூட இருந்து பாத்தேன்'னு சரிபார்த்து கையெழுத்து போடணும், எட்மாஸ்டர் அங்கயே வேணும். கோர்ட்டு நம்பர் போட்டு அம்மாவுக்கு அண்ணனுக்கு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும், பேப்பர்ல விளம்பரம் போடச் சொல்லும். யாரும் ஆட்சேபிக்கலன்னா மாமாவையும் எட்மாஸ்டரையும் விசாரிச்சு உத்தரவு, மாசக்கணக்குல முடியும். யாராவது எதிர்த்து வந்தா அந்த மனுவே ஒரு சிவில் கேஸ் மாதிரி மாறி ரெண்டு பக்க சாட்சி, குறுக்கு விசாரணைன்னு போகும், அப்ப வருஷக்கணக்குதான். கோர்ட்டு ஃபீஸ் சொத்து மதிப்ப வச்சு வரும், மனு போடறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட அதையும் அவரோட ஃபீஸையும் எழுதி வாங்கிக்கங்க, கூச்சப்படாதீங்க. உயில் உங்க கையில இல்லாம அண்ணன் கையில போயிருந்தா என்ன பண்றதுன்னா, அத கொண்டு வந்து குடுன்னு உத்தரவு போட ஜில்லா ஜட்ஜுக்கு 267வது பிரிவுல அதிகாரம் இருக்கு, ஆனா அந்த நிலைமைக்கு விடாதீங்க.

இப்படி வாங்குன ப்ரொபேட்டுக்கு ஒரு தனி கௌரவம் இருக்கு. சாதாரண கேஸ்ல தீர்ப்பு வந்தா கட்சிக்காரங்கள மட்டும்தான் கட்டுப்படுத்தும், ப்ரொபேட் எல்லாரையும் கட்டுப்படுத்தும், நாளைக்கு அண்ணன் புள்ள வந்து 'தாத்தா உயில் பொய்'னு சொல்ல முடியாது. ஆனா அது சொல்றது உயில் உண்மைங்கறத மட்டும்தான், உயில்ல எழுதுன சொத்து அப்பாவோடதுதானாங்கறத ப்ரொபேட் கோர்ட்டு பாக்காது. இங்கதான் உங்க 3 மா வருது.

அந்த 3 மா தாத்தா கிட்டேருந்து எப்படி வந்துச்சுன்னு பாகப் பத்திரத்த பாக்காம சொல்ல முடியாது. பரம்பரைச் சொத்துல பாகம் பிரிச்சு வந்ததுன்னா அது அப்பாவோட தனிச்சொத்து இல்ல, அண்ணனும் நீங்களும் பொறந்ததுலேருந்தே அதுல பங்குதாரங்க. 2005 செப்டம்பர் 9லேருந்து பொண்ணுக்கும் அந்த உரிமை உண்டு, அன்னைக்கு அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது கூட முக்கியமில்லன்னு 2020ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு முடிவா சொல்லிருச்சு. அப்படின்னா அதுல அப்பா பங்கு 1 மா, அண்ணன் 1, நீங்க 1. அப்பா உயில் அவரோட 1 மாவுக்கும் அவரு வாங்குன 6 மாவுக்கும்தான் பேசும். அதுவே தாத்தா தானா சம்பாரிச்சு உயில் எழுதாம போயி வாரிசா அப்பாவுக்கு வந்திருந்தா, முழுசும் அப்பா சொத்து, உயில் முழுசுக்கும் பேசும். பத்திரத்த தேடி எடுத்துட்டு வாங்க.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், இத அண்ணன்கிட்ட பொறுமையா உக்காந்து சொல்லுங்க. உயில் செல்லாதுன்னே வச்சுக்குவோம். அப்ப 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்க மூணு பேருக்கும் சம பங்கு (அப்பாவப் பெத்த பாட்டி இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு). பாட்டி இல்லன்னு வச்சா, அப்பா வாங்குன 6 மாவுல ஆளுக்கு 2. தாத்தா வழி 3 மா பரம்பரைச் சொத்தா இருந்தா அண்ணனுக்கு அவரு பங்கு 1, அப்பாவோட 1 மாவுல மூணுல ஒண்ணு, ஆக அவருக்கு மொத்தம் 3 மாவும் ஒரு மாவுல மூணுல ஒரு பங்கும். பரம்பரை இல்லன்னா நேரா 3 மா. வீட்டுலயும் டெபாசிட்டுலயும் மூணுல ஒண்ணு கிடைக்கும்தான், ஆனா உயில் நின்னா அவருக்கு நிலத்துல 5 மா எழுதியிருக்கு. நஞ்சை வேணும்னா உயில காப்பாத்த வேண்டியது உங்க அண்ணன்தாம்மா. இத அவருக்கு யாரும் சொல்லல போல, 'உயில் இல்லாட்டி ஆம்பளப் புள்ளைக்கு முழுசும்'னு நம்ம பக்கம் இன்னமும் நெறைய பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. புரிஞ்சுதுன்னா அவரே ஆட்சேபனை இல்லன்னு எழுதிக் குடுப்பாரு, மனு சிரமமில்லாம முடியும்.

டெபாசிட் விஷயத்துல நாமினின்னா சொந்தக்காரர்னு அர்த்தம் இல்ல, பேங்க்லேருந்து வாங்கி சேரவேண்டியவங்ககிட்ட சேக்கற ஆள், அவ்வளவுதான். பேங்க் அண்ணன்கிட்ட பணத்த குடுக்கறது தப்பில்ல, அது அவரு கையில இருந்தாலும் உயில்படி அம்மா பணம். இன்னும் எடுக்கலன்னா, எடுத்ததும் அம்மா கணக்குல போட்டுருங்கன்னு இப்பவே சொல்லி வைங்க, முடிஞ்சா வாட்ஸ்அப்லயாவது எழுத்துல இருக்கட்டும்.

கடன மறந்துராதீங்க. உயில்ல எழுதுனத பிரிக்கறதுக்கு முன்னாடி காரியச் செலவு, கடைசி நேர ஆஸ்பத்திரிச் செலவு, ப்ரொபேட் செலவு, அப்பா வச்ச கடன் எல்லாம் அப்பா சொத்துலேருந்து போகணும், அதுக்கப்புறம்தான் யாருக்கும் பங்கு. சொசைட்டில வச்ச நகை அம்மாவோடதுன்னா அந்த நகை அப்பா சொத்தே இல்ல, கடன் மட்டும்தான் அப்பாவோடது, அத அடைச்சு நகைய அம்மாகிட்ட குடுக்கணும், பாகத்துல சேக்கக்கூடாது. நெலத்து மேல அடமானம் ஏதாவது இருந்தா, அந்த வயல வாங்கறவரு அடமானத்தோடதான் வாங்கறாரு, அதுக்காக வில்லங்கம் போட்டுப் பாருங்க. மாமா ப்ரொபேட் வாங்குன 6 மாசத்துல சொத்து கடன் பட்டியல கோர்ட்டுல குடுக்கணும், ஒரு வருஷத்துல வரவு செலவுக் கணக்கு குடுக்கணும். அவரு பயந்துராம இருக்க ஒரு நோட்டு வாங்கிக் குடுத்து இப்பலேருந்தே எழுதச் சொல்லுங்க, பில்ல ஒட்டி வைக்கச் சொல்லுங்க.

நெல்லு கொள்முதல் நிலையத்துல போட சிட்டா அடங்கல் கேக்கறாங்க, அடுத்த போகத்துக்கு சொசைட்டில பயிர்க்கடனும் வாங்கணும், அதுக்குதான் அண்ணன் அவசரப்படறாருன்னா அந்த அவசரம் நியாயமானது, ஆனா அதுக்கு விடுதலைப் பத்திரம் தேவையே இல்ல. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவைல போடட்டும், அந்த மனுவுல நீங்க தாராளமா கையெழுத்து போடலாம், உங்க பேரும் அம்மா பேரும் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. அத வச்சு மூணு பேர் பேர்லயும் கூட்டுப் பட்டா போட்டுக்கலாம், உயில் முடிவானதும் உட்பிரிவு பண்ணி தனித்தனியா மாத்திக்கலாம். பட்டா யாருக்கும் சொத்த குடுக்கவும் குடுக்காது, யாருகிட்டேருந்து எடுக்கவும் எடுக்காது. உயில வச்சு நேரா பட்டா கேட்டு அண்ணன் ஆட்சேபிச்சா தாசில்தார் சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னு திருப்பி அனுப்பிருவாரு, அதனால அந்த வழில அலையாதீங்க.

கடைசியா நீங்க கேட்டது, ஊர் என்ன சொல்லும்னு. அம்மா, இந்த மனுவ போடறது நீங்க இல்ல, மாமா. அப்பா தன் கையால அவரு பேர எழுதி இந்தப் பொறுப்ப குடுத்திருக்காங்க, அவரு அத செய்யறாரு. அண்ணனுக்கு போற நோட்டீஸ்தான் உங்களுக்கும் அம்மாவுக்கும் வரும். ஊர்ல யாரு கேட்டாலும் 'அப்பா எழுதுனத மாமா கோர்ட்டுல காட்டி சரி பண்றாரு'ன்னு சொல்லுங்க, அதுதான் உண்மையும்.

இந்த வாரமே மாமாவ கூட்டிக்கிட்டு எட்மாஸ்டர் வீட்டுக்கு போயிட்டு வாங்க. உயில் ஜெராக்ஸ அவருகிட்ட காட்டி, எங்க வச்சு எழுதுனாங்க, யார் யாரு இருந்தாங்க, அப்பா அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு அவரு வாயாலயே சொல்லட்டும், நீங்க எதயும் எடுத்துக் குடுக்காதீங்க. அவரால திருவாரூர் வரைக்கும் கார்ல வர முடியுமான்னும் கேளுங்க, முடியாதுன்னா பயப்பட வேண்டாம், வீட்டுக்கே கமிஷனர (கோர்ட்டு சார்பா சாட்சியம் எடுக்கறவர) அனுப்பி சாட்சியம் எடுக்கச் சொல்லி கோர்ட்டுல மனு போடலாம், ஆனா அத மொதல் நாளே வக்கீல்கிட்ட சொல்லிருங்க.